பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்: வாசகர் கேள்வி பதில்

உணவு, மருந்து பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் எழுதுங்கள் என்று போன இதழில் இரண்டு வரி போட்டோம். கடிதமும் வாட்ஸப்புமாக ஒரு கோணிப்பை வந்து சேர்ந்திருக்கிறது. கும்பகோணம் பக்கம் இருபத்தெட்டு வருஷம் மருந்துக்கடை கவுண்டரில் நின்றவன் என்பதைத் தவிர எனக்குப் பெரிய தகுதி எதுவும் கிடையாது. டாக்டர் இல்லை, வக்கீலும் இல்லை. இந்த இதழில் டெல்டாக்காரர்களுக்கு மட்டும் பதில். மாத்திரையை நிறுத்தலாமா, மாற்றலாமா என்று கேட்டவர்கள் மன்னிக்கவும், அது உங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டியது.

கேள்வி: ஐயா, முறுக்கு பாக்கெட், மசாலா, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றிலும் எஃப்எஸ்எஸ்ஏஐ என்று ஒரு நம்பர் இருக்கிறது. கவர்ன்மென்ட்டே சோதித்துப் பார்த்து நல்லது என்று சொல்லிவிட்டது என்றுதானே அர்த்தம்?
(ஒரத்தநாடு வாசகர்)

பதில்: இல்லை தம்பி. பாதிப் பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், விற்கிறவர்களும் அந்த நினைப்பைக் கலைக்காமல் விட்டுவிடுகிறார்கள். அந்த 14 இலக்க நம்பர், வண்டியின் நம்பர் பிளேட் மாதிரி. பிளேட் இருப்பதால் டிரைவர் ஒழுங்காக ஓட்டுவார் என்று யாராவது நம்புகிறோமா? இடித்துவிட்டுப் போனால் யாரைப் பிடிப்பது என்று தெரியும், அவ்வளவுதான். முதல் இலக்கம் 1 என்றால் லைசென்ஸ், 2 என்றால் சின்ன வியாபாரியின் பதிவு. அடுத்த இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 24, மத்திய லைசென்ஸ் என்றால் 00. அதற்கடுத்த இரண்டும் வருஷம். முகப்பில் கொட்டை எழுத்தில் நம்ம ஊர்ப் பெயரைப் போட்டுவிட்டு, பின்பக்கம் நம்பர் வேறு ஏதோ மாநிலத்துக்குப் போனால் சரக்கு எங்கிருந்து வருகிறது என்று நீங்களே புரிந்துகொள்ளலாம்.

சரி, அப்போ டெல்லியில் இருக்கிற எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம், என்னதான் செய்கிறது? 2006ல் வந்த உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் அதற்குக் கொடுத்திருக்கும் முதல் வேலை விதி எழுதுவது. மிளகாய்த்தூளில் ஈரம் எவ்வளவு இருக்கலாம், எந்த நிறத்தை எந்தப் பண்டத்தில் போடலாம், லேபிளில் என்ன அச்சிட வேண்டும், இதெல்லாம் அங்கே முடிவாகிறது. கூடவே இறக்குமதிச் சரக்கைத் துறைமுகத்தில் பார்க்கிறது, ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தருகிறது. விதிகள் 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறையில் இருக்கின்றன. ஆனால் கடைக்குள் நுழைந்து டப்பாவைத் திறந்து பார்ப்பது டெல்லிக்காரர் இல்லை, மாநில அரசின் உணவுப் பாதுகாப்பு அலுவலர். அவருக்கு மேலே மாவட்டத்துக்கு ஒரு நியமன அலுவலர். எடுத்த சாம்பிளை நாலு பங்காகப் பிரித்து, ஒரு பங்கை அரசு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள், நம் பக்கத்துக்குத் தஞ்சாவூரிலேயே ஒன்று இருக்கிறது. பகுப்பாய்வாளர் 14 நாளில் அறிக்கை கொடுக்க வேண்டும் என்பது சட்டம். சாப்பிடத் தகுந்ததாகச் செய்து விற்கிற பொறுப்பு முதலில் வியாபாரியுடையது என்றுதான் சட்டமே எழுதப்பட்டிருக்கிறது, அதிகாரி பின்னால் வருகிறவர். உங்கள் ஒன்றியத்தில் இருக்கிற டீக்கடை, மெஸ், பேக்கரி, மளிகை எல்லாவற்றையும் ஒரு நாள் எண்ணிப் பாருங்கள், அப்புறம் அவற்றைப் பார்க்கிற அலுவலர் எத்தனை பேர் என்று விசாரியுங்கள், ஏன் இப்படி எழுதினார்கள் என்று தெரிந்துவிடும்.

கேள்வி: அண்ணா, என் பையனுக்கு மூன்று வயசு, பனி வந்தாலே இருமல். 2025ல் சிரப் குடித்துக் குழந்தைகள் இறந்த செய்தி படித்ததிலிருந்து கை நடுங்குகிறது. மருந்துக் கட்டுப்பாடு என்று ஒரு துறையே இருந்தும் எப்படி நடந்தது? எதை நம்பிக் கொடுப்பது?
(திருத்துறைப்பூண்டி வாசகி)

பதில்: உங்கள் பயத்தைத் தப்பு சொல்ல மாட்டேன் தங்கச்சி. நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மத்தியப் பிரதேசத்தில் சிந்த்வாரா மாவட்டத்தில் இருமல் சிரப் குடித்த சின்னக் குழந்தைகளுக்குச் சில நாளில் சிறுநீர் நின்றுபோய், சிறுநீரகம் கெட்டு, 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் போய்விட்டார்கள். சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அந்தக் கம்பெனியில் எடுத்த சாம்பிளில் டை எத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம் இருந்தது. 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாத சாமான் அது. ஏறக்குறைய பாதி பாட்டில் விஷம்.

எப்படி வந்தது என்றால், சிரப்பில் மருந்து கரைய புரொப்பிலீன் கிளைக்கால் அல்லது கிளிசரின் மாதிரி ஒன்று வேண்டும். மருந்துத் தரத்தில் வாங்கினால் விலை கூட. டை எத்திலீன் கிளைக்கால் கூலன்ட்டுக்கும் பிரேக் ஆயிலுக்கும் போகிற சரக்கு, பார்க்க ஒரே மாதிரி இருக்கும், நாக்கில் இனிக்கும், மலிவு. டிரம் கம்பெனிக்குள் இறங்குகிற அன்றைக்கே சோதித்தால் மாட்டிக்கொள்ளும். அந்த ஒரு சோதனையைச் செய்யாமல் விட்டால் குழந்தை சாகிறது. இது புதுசும் இல்லை. 1972ல் மெட்ராஸிலேயே இதே விஷத்தால் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள், 1986ல் பம்பாயில் ஒரு ஆஸ்பத்திரியில் நோயாளிகள் இறந்தார்கள்.

இதற்கெல்லாம் முந்தியது 1937ல் அமெரிக்காவில். சல்ஃபா மருந்தை இதே திரவத்தில் கரைத்து, ராஸ்பெர்ரி வாசனை போட்டு விற்றார்கள், நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அப்போதைய சட்டப்படி புது மருந்தை விற்பதற்கு முன் அது ஆளைக் கொல்லுமா என்று பார்க்கும் கட்டாயமே கிடையாது. அங்கே உணவையும் மருந்தையும் கண்காணிக்கிற எஃப்டிஏ என்ற அரசு அமைப்பு அந்தச் சரக்கைப் பறிமுதல் செய்ய முடிந்ததுகூட ஒரு வார்த்தையால்தான், 'எலிக்ஸர்' என்று பெயர் வைத்தால் அதில் ஆல்கஹால் இருக்க வேண்டும், இதில் இல்லை, ஆகவே பெயர் தப்பு என்று பிடித்தார்கள்! இருநூற்றுச் சொச்சம் இன்ஸ்பெக்டர்களும் கெமிஸ்ட்டுகளும் ஊர் ஊராக, விற்ற சீட்டுகளை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், 240 காலனில் 234 காலனைத் திரும்பப் பிடித்தார்கள். மீதி ஆறு காலன்தான் அத்தனை பேரைக் கொன்றது. அடுத்த வருஷமே, முதலில் பாதுகாப்பை நிரூபி, பிறகு விற்றுக்கொள் என்ற சட்டம் வந்தது.

நம் நாட்டில் இருப்பது 1940ஆம் வருஷத்து மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம். புது மருந்துக்கு அனுமதி, மனிதர்களிடம் சோதனை, இறக்குமதி எல்லாம் டெல்லியில் இருக்கும் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் கையில், ஆனால் தயாரிக்கிற கம்பெனிக்கும் விற்கிற கடைக்கும் லைசென்ஸ் கொடுப்பது பெரும்பாலும் மாநிலத்தின் கையில். ஒரு மாநிலத்தில் தயாராகி இன்னொரு மாநிலத்தில் குடிக்கப்படும்போது தப்பு யாருடையது என்று ஆளுக்கு ஆள் கை காட்டுவதை 2025 அக்டோபரிலும் பார்த்தோம். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். இந்த இடத்தில் எனக்குக் கோபம் உண்டு, மறைக்கப் போவதில்லை.

உங்கள் பையன் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வயசுக்குக் கீழே இருமல், சளி மருந்து எழுதவே கூடாது, ஐந்து வயசுக்குக் கீழே பொதுவாக வேண்டாம் என்று அந்தச் சமயத்தில் மத்திய சுகாதாரத் துறையே அறிவுறுத்தியிருக்கிறது. ஆகவே மூன்று வயசுக்குக் கடையில் கேட்டு வாங்காதீர்கள், போன தடவை மிச்சமானதையும் அக்கா பிள்ளைக்கு எழுதினதையும் கொடுக்காதீர்கள். டாக்டர் எழுதிக் கொடுத்து வாங்கினால் பேட்ச் நம்பர் (ஒரே தடவையில் தயாரான சரக்குக்குப் போடுகிற நம்பர்) போட்ட பில் வாங்குங்கள், பாட்டில் தீர்ந்தாலும் ஒரு வாரம் தூக்கிப் போடாதீர்கள். எந்த மருந்து கொடுத்த பிறகும் குழந்தை சிறுநீர் கழிப்பது குறைந்தால் பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

பில்லைப் பற்றி ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், ஒரு தடவை ஸ்டாக்கிஸ்டிடமிருந்து எனக்கு போன், இன்ன சிரப்பில் இன்ன பேட்சைத் திருப்பி அனுப்பு என்று. வாங்கினது பத்து பாட்டில், அலமாரியில் நாலு இருந்தது. மீதி ஆறு யாரிடம் என்று பில் புக்கைப் புரட்டினால் இரண்டுக்குத்தான் பில் இருக்கிறது. மற்ற நாலு பேரும் "பில் எதுக்கு, அஞ்சு ரூபாய் குறைச்சுக்கோ" என்றவர்கள், நானும் குறைத்துக்கொண்டவன். சாயங்காலம் வரை சைக்கிளில் தெருத்தெருவாகச் சுற்றி மூன்று பேரைப் பிடித்துவிட்டேன். நாலாவது ஆள் யார் என்று இன்றுவரை தெரியாது.

கேள்வி: சர்க்கரை வியாதியை 90 நாளில் அடியோடு குணப்படுத்தும் மூலிகைப் பொடி என்று போனில் விளம்பரம். எஃப்டிஏ அப்ரூவ்டு என்று முத்திரையும் இருக்கிறது. வாங்கலாமா?
(மயிலாடுதுறை வாசகர்)

பதில்: அந்த முத்திரையைப் பார்த்ததுமே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். எஃப்டிஏ என்ற பெயரில் இந்தியாவுக்கென்று ஒரு மத்திய அமைப்பே கிடையாது, நமக்கு உணவுக்கு ஒன்று, மருந்துக்கு ஒன்று. மகாராஷ்டிரா மாதிரி சில மாநிலங்களில் மாநிலத் துறைக்கு அந்தப் பெயர் உண்டு. விளம்பரக்காரர் அமெரிக்காவைத்தான் சொல்கிறார் என்று வைத்துக்கொண்டாலும், அந்த எஃப்டிஏ இந்த மாதிரி சத்துப்பொடிகளை விற்பனைக்கு முன் பார்த்து அனுமதி கொடுப்பதே இல்லை. கொடுக்காத அனுமதிக்கு முத்திரை எங்கிருந்து வரும்?

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பர் இருந்தால் சட்டத்தின் கண்ணுக்கு அது சாப்பாடு. சாப்பாடு நோயைக் குணப்படுத்தும் என்று சொல்லக் கூடாது, இந்த வகைச் சத்துப்பொடிகளில் மருத்துவ உபயோகத்துக்கு அல்ல என்று ஆங்கிலத்தில் அச்சிட்டே ஆக வேண்டும், எறும்பு சைஸில் எங்காவது ஓரத்தில் இருக்கும், தேடுங்கள். உண்மையான சித்த மருந்து என்றால் அது வேறு கணக்கு. அதே 1940 சட்டத்தில் சித்தா, ஆயுர்வேதம், யுனானிக்குத் தனி அத்தியாயம் உண்டு, மாநிலத்தின் இந்திய மருத்துவத் துறை தருகிற தயாரிப்பு லைசென்ஸ் நம்பர் லேபிளில் இருக்கும். அதற்கும்கூட 'சர்க்கரையைக் குணமாக்கும்' என்று விளம்பரம் செய்ய உரிமை இல்லை. 1954ல் வந்த மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டத்தில் 54 நோய்கள் பட்டியல் போட்டிருக்கிறார்கள், சர்க்கரை அதில் இருக்கிறது.

பொடி சாப்பிட்டுச் சர்க்கரை நிஜமாகவே இறங்கினால் இன்னும் அதிகமாகப் பயப்படுங்கள். இங்கிலீஷ் மாத்திரையை இடித்துக் கலந்து பிடிபட்ட மூலிகைப் பொடிகள் உண்டு. எவ்வளவு கலந்தான் என்று உங்களுக்கும் தெரியாது, உங்கள் டாக்டருக்கும் தெரியாது. சித்த வைத்தியத்தை நான் குறை சொல்லவில்லை, படித்துப் பதிவு செய்த சித்த மருத்துவர்கள் அரசு ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறார்கள், நேரில் போய் நாடி பிடிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் உப்பை அள்ளியதற்காக 1930ல் ராஜாஜியையும் கூட வந்தவர்களையும் ஜெயிலில் போட்டான் வெள்ளைக்காரன். இப்போ அயோடின் போடாமல் விற்கக் கூடாது என்கிறது நம் அரசாங்கம். கடலோரத்தில் மீன் தின்று வளர்ந்த எங்களுக்கு அயோடின் எதற்கு?
(வேதாரண்யம் வாசகர்)

பதில்: கேள்வி உப்புக் கரிக்கிறது, பிடித்திருக்கிறது. கடல் மீனில் அயோடின் உண்டு, சரிதான். ஆனால் கடல் தண்ணீரைக் காய்ச்சி எடுத்த உப்பில் அயோடின் ஒன்றும் பெரிதாக நிற்பதில்லை, பாத்தியில் விளைந்த உப்பு என்பதால் தானாக வந்துவிடாது. உங்கள் ஊர் உப்பு வேதாரண்யத்தோடு நின்றுவிடுவதும் இல்லை, மீன் வாசனையே அறியாத வெளியூர்ப் பிள்ளைகள் வீட்டுச் சாம்பாருக்கும் போகிறது. அயோடின் குறைந்தால் கழுத்தில் கழலை மட்டும் வந்தால் பரவாயில்லை, வயிற்றில் இருக்கிற பிள்ளையின் மூளை வளர்ச்சியே குறையும். எல்லோரும் தினமும் ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிடுகிற ஒரே பொருள் உப்பு, அதனால்தான் அதில் ஏற்றினார்கள். கடையில் விற்கும்போது கிலோவுக்கு 15 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது.

அயோடின் போடாத உப்பை விற்கவே கூடாது என்று இல்லை. கருவாடு போட, மாட்டுக்கு வைக்க, தொழிற்சாலைக்கு என்று லேபிளில் சொல்லி விற்கலாம், மனுஷன் நேரடியாகச் சாப்பிட என்று விற்கத்தான் தடை. சின்ன உப்பளக்காரருக்கு அயோடின் கலக்கிற மெஷின் கட்டுபடியாகிறதா என்ற கேள்வி நியாயமானது, அதற்குக் கூட்டுறவாகச் சேர்ந்து செய்வதைத் தவிர எனக்கு வழி தெரியவில்லை. வீட்டில் ஒன்று மட்டும், உப்பு ஜாடியை அடுப்புப் பக்கத்தில் திறந்து வைக்காதீர்கள், ஈரமும் சூடும் பட்டால் இருக்கிற அயோடினும் போகும்.

கேள்வி: நாங்கள் எட்டுப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து வடகம், வற்றல், அப்பளம் போட்டு விற்கிறோம். எங்களுக்கும் இந்த நம்பர் வேண்டுமா? ஒருவர் ஐயாயிரம் ரூபாய் கொடுத்தால் வாங்கித் தருகிறேன் என்கிறார்.
(பாபநாசம் வாசகி)

பதில்: வேண்டும் அம்மா, மொட்டை மாடியில் காயப்போட்டாலும் வேண்டும். ஐயாயிரம் வேண்டாம். சின்ன வியாபாரத்துக்குப் பதிவு மட்டும் போதும், அரசுக் கட்டணம் சொற்பம், இ-சேவை மையத்திலோ படித்த பிள்ளை யாராவது வீட்டில் இருந்தால் போனிலேயோ போட்டுவிடலாம், ஆதாரும் போட்டோவும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. புரோக்கர் விற்பது உங்கள் பயத்தை.

நம்பர் வந்த பிறகுதான் வேலையே இருக்கிறது. கவரில் பொருளின் பெயர், என்னென்ன சேர்த்தது, எடை, தயாரித்த தேதி, எதுவரை நன்றாக இருக்கும், பேட்ச், உங்கள் விலாசம், சைவம் என்பதற்குப் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் எல்லாம் வேண்டும். பேட்ச் என்றால் பயப்படாதீர்கள், செவ்வாய்க்கிழமை மாவு பிசைந்ததற்கு ஒரு நம்பர், வெள்ளிக்கிழமைக்கு இன்னொன்று, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். என்றைக்காவது ஒரு நாள் வடகம் பூசணம் பூத்துத் திரும்பி வந்தால், அந்த ஒரு நாள் சரக்கை மட்டும் திருப்பி வாங்கினால் போதும், நோட்டு இல்லாவிட்டால் மொத்தத்தையும் வாங்க வேண்டியிருக்கும்.

கேள்வி: காப்பிப்பொடியில் சிக்கரி கலப்பது கலப்படம் இல்லையா?
(கும்பகோணம் வாசகர்)

பதில்: சொல்லிவிட்டுக் கலந்தால் கலவை, சொல்லாமல் கலந்தால் கலப்படம். குறைந்தது 51 சதவீதம் காப்பி இருக்க வேண்டும், விகிதத்தை பாக்கெட்டில் அச்சிட வேண்டும். கண் முன்னே அரைத்துத் தருகிற கடையில் வாய்விட்டுக் கேளுங்கள். நான் 80க்கு 20 கட்சி, வீட்டில் எதிர்க்கட்சி.

கேள்வி: வேளாங்கண்ணி போனபோது பஞ்சு மிட்டாய் கிடையாது என்றார்கள், காரைக்காலிலும் இல்லை. இத்தனை வருஷம் சாப்பிட்டது விஷமா?
(காரைக்கால் வாசகி)

பதில்: சர்க்கரை விஷம் இல்லை, அந்தக் கண்ணைப் பறிக்கிற ரோஸ் நிறம்தான். ரோடமைன்-பி என்ற துணிச்சாயம், உணவில் எந்த அளவிலும் அனுமதி இல்லை. 2024 பிப்ரவரியில் முதலில் புதுச்சேரி தடை போட்டது, சில நாளில் தமிழ்நாடும். உங்களுக்குப் புதுச்சேரி அரசின் துறை, பக்கத்தில் நாகூருக்கு வந்தால் தமிழ்நாட்டுத் துறை, சட்டம் மட்டும் ஒன்றே. உடம்புக்குக் கெடுதல் என்று தெரிந்தால் ஒரு பொருளை ஒரு வருஷம் வரை தடை செய்ய மாநில உணவுப் பாதுகாப்பு ஆணையருக்கு அதிகாரம் உண்டு. பச்சை முட்டை மயோனைஸுக்கு 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டில் போட்டதும் அதே வகைத் தடைதான்.

கேள்வி: ரேஷன் அரிசியில் சில மணிகள் தனியாக வெளுப்பாக இருந்தன, ஊறப்போட்டால் மிதந்தன. பிளாஸ்டிக் அரிசி என்று தெருவே பேசியது. நெல் விளைகிற ஊருக்கு இது தேவையா?
(திருவாரூர் வாசகர்)

பதில்: பிளாஸ்டிக் இல்லை. அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 பிசைந்து மெஷினில் மறுபடி அரிசி மாதிரியே அச்சுப் பிழிந்த மணி, நூறு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ கணக்கில் கலந்து கொடுத்தார்கள். கோணியில் சத்து சேர்த்தது என்பதற்கு '+F' என்று முத்திரை இருக்கும். மிதப்பதால், நிறம் வேறாக இருப்பதால் ஜனங்கள் பொறுக்கித் தூரப் போட்டார்கள், சத்து கோழிக்குப் போனது. ஒரு மணியைக் கரண்டியில் வைத்துத் தீயில் காட்டினால் சோறு தீய்ந்த வாசனைதான் வரும், பிளாஸ்டிக் என்றால் உருகும். என் குறை ஒன்றுதான். நெல் மணியைக் கையில் உருட்டியே ஈரப்பதம் சொல்கிற ஜனங்களிடம், கலப்பதற்கு முன்னால் ரேஷன் கடை வாசலில் ஒரு தட்டில் வைத்துக் காட்டியிருந்தால் பாதி வதந்தி அன்றைக்கே அடங்கியிருக்கும்.

கேள்வி: எங்கள் தெரு பலகாரக் கடைக்காரரை மாமா என்றுதான் கூப்பிடுவோம். எண்ணெய் கறுத்துத் தார் மாதிரி இருக்கிறது, பஜ்ஜியைச் செய்தித்தாளில் மடித்துத் தருகிறார். புகார் கொடுத்தால் என் பெயர் தெரிந்துவிடுமா?
(பட்டுக்கோட்டை வாசகர்)

பதில்: மாமா என்று கூப்பிடுகிறவர் என்றால் முதலில் நீங்களே சொல்லிப் பாருங்கள். வாழை இலைக்குப் பஞ்சமில்லாத ஊரில் அச்சு மையோடு பஜ்ஜி தின்ன வேண்டிய அவசியம் இல்லை, செய்தித்தாளில் பண்டம் கட்டக் கூடாது என்பது அவருக்கே தெரிந்திருக்கும். எண்ணெய்க்கும் அளவு உண்டு. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் சேர்கிற துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் கொட்டிவிட வேண்டும், பயோடீசலுக்கு வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள், கொஞ்சம் காசும் கிடைக்கும் என்று சொன்னால் மாமா காது கொடுப்பார்.

கேட்காவிட்டால் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸப் 94440 42322. கடைப் பெயர், தெரு, தேதி, போட்டோ போதும், புகார் கொடுத்தவர் விவரம் ரகசியம் என்று துறையே சொல்கிறது. பலருக்குத் தெரியாத இன்னொரு வழியும் சட்டத்தில் இருக்கிறது. வாங்குகிற யாரும் அந்தப் பண்டத்தைக் கட்டணம் கட்டி அரசுப் பகுப்பாய்வாளரிடம் கொடுத்துச் சோதிக்கலாம், சோதிக்கப் போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும், தப்பு என்று வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். மருந்துக்கும் இதே மாதிரி வழி 1940 சட்டத்தில் உண்டு. மாமாவிடம் 'சோதிக்கப் போகிறேன்' என்று சொல்கிற அந்த ஒரு வரியிலேயே எண்ணெய் மாறிவிடவும் வாய்ப்பு இருக்கிறது.

சாப்பிட்டு உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டால் மட்டும் இந்தச் சாவகாசமெல்லாம் வேண்டாம். முதலில் ஆஸ்பத்திரி, அங்கே சீட்டு வாங்குங்கள், மிச்சமிருக்கிற பண்டத்தைக் கோபத்தில் சாக்கடையில் கொட்டாமல் கவரோடு கட்டி ஃப்ரிட்ஜில் வையுங்கள், அலுவலர் வரும்போது கையில் கொடுக்க ஏதாவது இருக்க வேண்டும்.

மீனில் ஃபார்மலின் பற்றி நாகப்பட்டினத்திலிருந்து மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள், அது அடுத்த இதழில்.